கண்ணாடியில் விழாத மாப்பிள்ளை

அத்தியாயம் ஒன்பது

கார்மோர் மாளிகையின் படியேறும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அக்டோபர் மாதத்துக் கடல்காற்று காதை அறுத்தது ஒரு காரணம். காலையில் ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்கவிடாமல் மிஸஸ் சக்டன் என்னை இழுத்து வந்தது இன்னொரு காரணம். ஆனால் பெரிய காரணம் கீழே ஸ்டோன்விக் கிராமத்தில் இருந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு லவினியா ஹோல்ராய்ட் என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கும் கார்மோரின் எஜமானர் சர் ஆம்ப்ரோஸ் டென்ஹாமுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை ஒரு இரத்தக்காட்டேரி என்று ஊர் முழுக்கப் பேச்சு. மீனவர்கள் கூடி ஒரு கட்டையை முனை சீவிக் கூராக்கி வைத்திருந்தார்கள், காட்டேரியின் நெஞ்சில் அடிப்பதற்காம். அந்த வீரர்களில் ஒருத்தனாவது அந்தப் பெண்ணின் கதவைத் தட்டி, "வேண்டாம்மா" என்று சொன்னானா? இல்லை. தகப்பன் இல்லை, தாய் இல்லை, கேட்க நாதியில்லாத பெண். அவள் போனால் போகிறாள், கட்டை மட்டும் பத்திரம்!

எங்களைக் கூப்பிட்டவர் ஹெட்லி பாதிரியார். வயதில் சின்னவர், ஊருக்குப் புதியவர். இங்கிலாந்தில் பகல் பன்னிரண்டுக்குள் கோயிலில் வைத்துத்தான் கல்யாணம் செய்ய வேண்டும் என்பது சட்டம். சர் ஆம்ப்ரோஸோ, பகல் வேண்டாம், கோயிலும் வேண்டாம் என்று தனி அனுமதியே வாங்கிவிட்டார். அப்போதுதான் பாதிரியார் எங்களுக்குக் கடிதம் எழுதினார்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் ஜாபெஸ். முன்பு நான் சாவு வீட்டு ஊமை. பெரிய மனிதர் யாராவது செத்தால், கறுப்புக் கோட்டு போட்டு, கறுப்புத் துணி சுற்றிய கோலைப் பிடித்துக்கொண்டு, வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டபடி பேசாமல் நிற்பதுதான் என் வேலை. நான்கு வருடம் பேசாமல் விட்டதையெல்லாம் இப்போது சேர்த்துப் பேசுகிறேன் என்பது மிஸஸ் சக்டனின் குறை. அந்த அம்மாள் சவப்பெட்டிக்காரர் ஒருவரின் விதவை. கணவர் போனபின் கடையை மூடிவிட்டுத் துப்பறியக் கிளம்பியவர். குள்ளம், கனம், கையில் எப்போதும் ஒரு குடை. மழை பெய்தாலும் அதை விரிக்க மாட்டார்.

கதவைத் திறந்தவள் ஒரு கிழவி. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலக்கை செத்துத் தொங்கியது. இவள்தான் ஹன்னா, அந்த மாளிகையில் மிச்சமிருந்த ஒரே வேலைக்காரி. மார்ச் மாதம் வாதம் அடித்துப் பேச்சுப் போய்விட்டது என்று பாதிரியார் சொல்லியிருந்தார். எழுத்தும் தெரியாதாம்.

கூடத்தில் ஆளுயரத்துக்கு மூன்று நிலைக்கண்ணாடிகள். மூன்றின் மேலும் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது.

"பாத்தீங்களா மேடம்?" என்றேன் மெதுவாக. "காட்டேரி முகம் கண்ணாடியில தெரியாதாம். அதான் மூடி வெச்சிருக்கார். நான் கூடக் காலையில எழுந்ததும் என் மூஞ்சியப் பாத்தா மூடிடலாமான்னு நினைக்கறதுண்டு."

"நல்ல யோசனை" என்றார் மிஸஸ் சக்டன். ஆனால் அவர் கண் கண்ணாடிகளில் இல்லை. ஹன்னாவின் மேல் இருந்தது.

மணப்பெண் கிழக்கு அறையில் இருந்தாள். அதற்குள் வெள்ளைப் பட்டு உடுத்தித் தயாராகியிருந்தாள். மடியில் ஒரு மரப்பெட்டி, கழுத்தைச் சுற்றி அகலமான நாடா. நாங்கள் பாதிரியாரின் ஆட்கள் என்று தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"நீங்களும் புத்தி சொல்ல வந்தீங்களா? எனக்கு எல்லாம் தெரியும். அவர் யாருன்னும் தெரியும். தெரிஞ்சுதான் கட்டிக்கறேன்."

"சந்தோஷம்மா" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டார் மிஸஸ் சக்டன். "எனக்குத் தெரியாதே, எனக்குச் சொல்லேன்."

கேட்க ஆள் கிடைத்ததும் அவள் கொட்டித் தீர்த்தாள். பன்னிரண்டு வயதில் தாயோடு வெளிநாடு போனவர் ஆம்ப்ரோஸ். புத்தகங்களைப் பற்றி லவினியாவின் தகப்பனாருக்கு ட்ரியெஸ்ட் நகரத்திலிருந்து கடிதம் எழுதுவார். தகப்பனார் இறந்ததும் பதில் எழுதும் வேலை மகளுக்கு வந்தது. ஐந்து வருடம், அறுபத்து மூன்று கடிதங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. சென்ற மார்ச்சில் சைலஸ் க்ரூ என்ற ஒரே ஒரு வேலைக்காரனோடு ஆம்ப்ரோஸ் ஊர் திரும்பினார்; நடுராத்திரியில் வந்ததால் இருவர் முகத்தையும் ஊரில் யாரும் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் அந்த வேலைக்காரன் வந்த வழியே போய்விட்டானாம்.

"வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அவர் மனுஷரே இல்லைன்னு" என்றாள் லவினியா. அதைச் சொல்லும்போது அவள் கண்ணில் இருந்த பெருமையைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருட்டினாத்தான் வெளிய வருவார். அப்பவும் நீல மூக்குக்கண்ணாடி போட்டுக்குவார். கோயில் பக்கமே போக மாட்டார். ஒரு வரி எழுத மாட்டார். கேட்டா, 'செத்தவன் கை பேனா பிடிக்காது லவினியா'ன்னு சொன்னார்."

"கண்ணாடி?"

"ஒரு கண்ணாடியும் என்னைத் தாங்காதுன்னு சொன்னார்."

"கழுத்துல என்னம்மா நாடா?"

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. மிஸஸ் சக்டன் விடவில்லை. நாடாவை விலக்கியபோது இரண்டு சிவந்த புள்ளிகள் தெரிந்தன. நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"சட்டையில குத்தற ப்ரோச் ஊசிதானே?" என்றார் மிஸஸ் சக்டன்.

லவினியாவின் கண் நிறைந்தது. "அவர் கடிக்கவே மாட்டேங்கறார். நான் எத்தனையோ தடவ கேட்டேன். அதனால நானே…"

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். எனக்கு வரவில்லை. "மிஸ், உங்களுக்கு அறைய ஆள் இல்லாமப் போச்சு" என்று வாய் முந்திவிட்டது. குடை என் முழங்காலில் விழுந்தது.

"அவன் கிடக்கான். இந்தப் பெட்டியில என்ன?"

"அவரோட கடிதமெல்லாம். சீதனமா அவர் கேட்டது இது ஒண்ணுதான். நகை வேண்டாம், நிலம் வேண்டாம், ஒண்ணு விடாம அத்தனை கடிதத்தையும் கொண்டு வந்துடுன்னார். இன்னைக்குக் கல்யாணம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் சேர்ந்து அதை எரிக்கணும். இனிமே நமக்கு நடுவுல காகிதம் எதுக்குன்னார். நாளைக்குக் கப்பல்."

"எங்க?"

"அவர் சொல்லலை" என்றாள். அதையும் பெருமையாகத்தான் சொன்னாள்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் மிஸஸ் சக்டன் கதவைச் சாத்தினார்.

"ஜாபெஸ், இந்தக் காட்டேரிக்கு எது எது ஆகாது? சொல்லு."

"வெளிச்சம், கோயில், பேனா, கண்ணாடி. பெண்ணக் கடிக்கவும் ஆகாது. காட்டேரி உத்தியோகத்துக்கே லாயக்கில்ல மேடம்."

"வெளிச்சத்துல முகம் நல்லாத் தெரியும். கோயில்ல கல்யாணம் பண்ணினா புஸ்தகத்துல கையெழுத்துப் போடணும், ஊரே வந்து மூஞ்சியப் பாக்கும். பேனாவ எடுத்தா எழுத்துத் தெரியும். பழைய எழுத்து எங்கேயும் மிச்சம் இருக்கக் கூடாதுன்னு பெட்டியக் கேக்கறான். எல்லாம் அவனுக்குத் தோதான வியாதியா இருக்கு. கண்ணாடி மட்டும்தான் சேரல. அதை மூடறதால அவனுக்கு என்ன லாபம்?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப அதை மூடினது அவன் இல்ல."

கூடத்தின் மூலையில் ஹன்னா நின்றிருந்தாள். காற்றில் ஒரு கண்ணாடியின் துணி நழுவியிருந்தது. செத்த கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, நல்ல கையால் அதை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள். ஒரு முனை ஏறினால் இன்னொரு முனை இறங்கியது. அவள் விடுவதாக இல்லை.

"நீ எத்தனை சாவு வீட்டு வாசல்ல நின்னிருப்பே?" என்று கேட்டார் மிஸஸ் சக்டன்.

"முந்நூறு இருக்கும்."

"உள்ள கண்ணாடிய எப்ப மூடுவாங்க?"

"உசுரு போனதும்."

"எப்ப எடுப்பாங்க?"

"பொணம் வாசலத் தாண்டினதும்…"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. ஏழு மாதமாக இந்தக் கண்ணாடிகள் மூடிக் கிடக்கின்றன. அப்படியென்றால் ஏழு மாதமாக இந்த வீட்டை விட்டு ஒரு பிணம் வெளியே போகவில்லை.

முந்நூறு வீட்டு வாசலில் நின்ற தடியன் நான். கறுப்புத் துணியைக் கண்ணால் பார்த்துவிட்டு அதை வைத்து ஒரு நகைச்சுவை சொன்னேன். இந்தக் கிழவி வாயில்லாமல், கையில்லாமல், தன்னால் முடிந்த ஒரே வழியில் ஏழு மாதமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். வந்தவன் போனவன் எல்லோரும் அதைக் காட்டேரிக் கதையில் சேர்த்துக்கொண்டு போயிருக்கிறோம். அன்று எனக்கு என் மேல் வந்த ஆத்திரம் இன்றுவரை முழுசாக அடங்கவில்லை.

மிஸஸ் சக்டன் அவள் முன்னால் போய் நின்றார். "ஹன்னா, துணிய அவன் எடுத்துப் போட்டா நீ மறுபடி போடறே. அதானே?"

கிழவி தலையசைத்தாள்.

"அது எதுக்குன்னு அவனுக்குத் தெரியாது. வெளியூர்க்காரன். உனக்குக் கிறுக்குன்னு நினைச்சு விட்டுட்டான். அதையே தன் கதைக்கும் சேத்துக்கிட்டான்."

கிழவியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவள் மிஸஸ் சக்டனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

நிலவறைக்குப் போகும் படி சமையலறைக்குப் பின்னால் இருந்தது. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். நிலக்கரிக் குவியல், காலிப் பீப்பாய்கள், கடைசியில் ஒரு செங்கல் சுவர். சுவரின் அடியில் தரையில் ஒரு தட்டு. அதில் ஒரு பிடி உப்பு, அன்று காலை வைத்தது போல வெள்ளையாக இருந்தது.

"உப்பு பேயை விரட்டறதுக்குன்னு கீழ ஊர்ல சொல்வாங்க" என்றேன்.

"நம்ம தொழில்ல அதை எங்க வைப்போம்?"

"பொணத்து நெஞ்சு மேல."

"அவளால நெஞ்சுகிட்டப் போக முடியல. முடிஞ்ச தூரத்துல வெச்சிருக்கா."

நிலக்கரி உடைக்கிற சுத்தியல் பக்கத்திலேயே கிடந்தது. சுவரைக் கட்டியவன் கொத்தன் இல்லை. ஐந்தாவது அடியிலேயே ஆட ஆரம்பித்தது.

"வேலைக்காரன் ஊருக்குப் போகவே இல்ல மேடம்" என்றேன் மூச்சு வாங்க. "அந்த சைலஸ் க்ரூவ இந்தப் பாவி கொன்னு இங்க வெச்சுட்டான்."

செங்கற்கள் சரிந்தன. உள்ளே, பயணக் கோட்டு போட்ட ஒரு மனிதர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. மிஸஸ் சக்டன் மட்டும் பழக்கப்பட்ட கையைக் கோட்டின் உள்பைக்குள் விட்டு ஒரு காகிதக் கட்டு எடுத்தார். ஊதா நாடாவால் கட்டிய கடிதங்கள்.

"அது என்னோடது."

திரும்பினோம். படியில் லவினியா நின்றிருந்தாள். சுத்தியல் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். வெள்ளைப் பட்டின் கீழ்விளிம்பு முழுக்கக் கரி. அவள் இறங்கி வந்து கடிதக் கட்டை வாங்கி, மேலே இருந்த கடிதத்தைப் பார்த்தாள்.

"இது நான் பிப்ரவரியில எழுதினது. கப்பல்ல ஏறினா கழுத்துக்குத் துணி சுத்திக்கோங்கன்னு எழுதினேன்." அவள் குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. "இது எப்படி வேலைக்காரன் பையில?"

விளக்கு வெளிச்சத்தில் அவள் அந்த மனிதரின் கழுத்தைப் பார்த்தாள். கம்பளித் துணி ஒன்று ஒழுங்காகச் சுற்றியிருந்தது.

"இது வேலைக்காரன் இல்லம்மா" என்றார் மிஸஸ் சக்டன். "மேல தூங்கறானே, அவன்தான் வேலைக்காரன். எஜமானர் பேருக்கும் சொத்துக்கும் ஆசைப்பட்டு இவரக் கொன்னவன்."

அவள் விழுந்துவிடுவாள் என்று நான் கை நீட்டினேன். விழவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு படியேறினாள்.

சைலஸ் க்ரூவின் படுக்கையறைக் கதவை நான் தோளால் இடித்துத் திறந்தபோது மதியம் பன்னிரண்டு. கறுத்த திரைச்சீலைகளுக்குள் அறை இருட்டாகக் கிடந்தது. கட்டிலில் ஒருவன் எழுந்து உட்கார்ந்து, தடவி நீல மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

"யார் நீங்க? வெளிச்சம் எனக்கு ஆகாது!"

"ஆம்ப்ரோஸ் சின்ன வயசுல ஒரு கண்ணு நீலம், ஒரு கண்ணு பழுப்பாம். ஊர்ல கிழவங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கு" என்றார் மிஸஸ் சக்டன். "உனக்கு எப்படின்னு பாக்கலாம்." குடையின் கொக்கியால் திரைச்சீலையை இழுத்தார். கம்பியோடு கழன்று விழுந்தது. நான் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினேன்.

வெயில் அவன் மேல் விழுந்தது. எரியவில்லை, புகையவில்லை. இரண்டு கண்களும் ஒரே பழுப்பு. தூக்கம் கலைந்த, தாடி மழிக்காத ஒரு சாதாரண ஆள். இவனுக்காகத்தான் ஊரே கட்டை சீவியது.

அவன் பாயப் பார்த்தான். நான் அவன் மேல் உட்கார்ந்துவிட்டேன். சாவு வீட்டில் கற்றதில் இதுவும் ஒன்று: எழுந்திருக்கப் பார்க்கிறவனை அமுக்குவது.

"எல்லாம் தெரிஞ்சு போச்சாடி?" என்று லவினியாவைப் பார்த்துச் சிரித்தான். "நான் உன்னை ஏமாத்தல. வெளிச்சம் ஆகாதுன்னு நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். 'நீங்க மனுஷர் இல்லையா, எங்கிட்ட மறைக்காதீங்க'ன்னு கேட்டது யாரு? நீதான். நான் ஆமான்னேன். அன்னையிலருந்து உனக்கு என் மேல எவ்வளவு ஆசை! உனக்குச் செத்தவன்தான் வேணும். நான் செத்தவனா நடிச்சேன்."

நான் கையை ஓங்கினேன். லவினியா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் சொல்றது உண்மைதான். விடுங்க" என்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. "நான் முட்டாள். அவர் எழுதின ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். நீ பேசினதுல ஒரு வார்த்தைகூட அவர் பேசற மாதிரி இல்ல. அவர் என்னைச் சிரிக்க வைப்பார். என் தப்பைச் சொல்லிச் சண்டை போடுவார். நீ ஒரு நாளும் அப்படிப் பேசினதில்ல. காட்டேரின்னா இப்படித்தான் இருக்கும்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். கீழ அவர் அந்தச் செவுத்துக்குப் பின்னாடி இருக்க, மேல நான் உன் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்." குரல் அப்போதுதான் உடைந்தது. ஆனால் அழுகையாக இல்லை. "எரிக்கணும்னியே அந்தக் கடிதத்த? ஒரு துண்டு காகிதத்துல கூட உன் விரல் படாது. அத்தனையையும் கோர்ட்ல வாசிப்பாங்க. அவர் எழுத்தையும் உன் எழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வெப்பாங்க. நான் அங்க முதல் வரிசையில உக்காந்திருப்பேன்டா."

சைலஸ் க்ரூவின் சிரிப்பு முதல் தடவையாக நின்றது.

மூன்று மணிக்குப் போலீஸ் வண்டி வந்து அவனை அள்ளிக்கொண்டு போனது. ஊர் திரண்டு வந்து வாயிலில் நின்றது. இதுவரை ஒரு நாள்கூட ஹன்னாவை எட்டிப் பார்க்காத பெண்கள் எல்லாம் இப்போது உள்ளே வரத் துடித்தார்கள். வாயிலை நான் பூட்டினேன். நான்கு வருடத்தில் கற்ற அத்தனை வசவையும் கம்பிக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்லி முடித்தேன். நிறைய பேர் போய்விட்டார்கள். மிஸஸ் சக்டன் ஒரு தடவைகூட என்னைத் தடுக்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் ஹன்னாவுமாக ஆம்ப்ரோஸை நிலவறையிலிருந்து தூக்கி வந்து, கீழ்க்கூடத்துக்குப் பக்கத்து அறையில் நீளமேசையில் கிடத்தினோம். மிஸஸ் சக்டன் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டியதையெல்லாம் செய்து, முகத்தை மூடினார். லவினியா அந்தக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை.

ஆறு மணிக்கு ஹெட்லி பாதிரியார் வந்தார். வழியிலேயே விஷயம் தெரிந்திருந்தது. கக்கத்தில் பிரார்த்தனைப் புத்தகத்தோடு வாசற்படியிலேயே நின்று, கரியும் செங்கல் தூசியும் படிந்த மணப்பெண்ணைப் பார்த்துத் திகைத்தார்.

"மிஸ் ஹோல்ராய்ட்… கல்யாணம் இல்லைன்னு சொன்னாங்க. உங்களப் பாத்து ஆறுதல் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். நான் கிளம்பட்டுமா?"

"எதுக்குக் கிளம்பணும்? நான் கூப்பிட்டேன், நீங்க வந்திருக்கீங்க. மாப்பிள்ளையும் வந்து ஏழு மாசம் ஆச்சு. உள்ள இருக்கார்."

பாதிரியார் மிஸஸ் சக்டனைப் பார்த்தார். அவர் குடையால் அந்த அறைக் கதவைக் காட்டினார்.

"அந்தப் புஸ்தகத்துல கல்யாணத்துக்குக் கொஞ்சம் பின்னாடிதானே சாவுக்கு வாசிக்கறது இருக்கு? அத எடுங்க ஐயா. அவருக்காக இதுவரைக்கும் யாரும் ஒரு வார்த்தை வாசிக்கல."

"வாசிக்கறேன்மா. கண்டிப்பா வாசிக்கறேன். ஆனா…" பாதிரியார் தயங்கினார். "அந்த அறைக்குள்ள நீங்க வர வேண்டாம். நீங்க அவருக்கு இன்னும் மனைவி ஆகல. மனைவியா இருந்தாலும் பெரிய வீட்டுப் பெண்கள் சாவுப் பிரார்த்தனையில நிக்கற வழக்கம் இல்ல. மேல இருங்க. நான் முடிச்சுட்டு வந்து சொல்றேன்."

லவினியா அந்த அறைக் கதவைத் திறந்தாள். ஹன்னாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஆறு மணிக்கு அவர் பக்கத்துல நிப்பேன்னு ஊருக்கே சொல்லியிருக்கேன்" என்றாள். "வாங்க ஐயா, நேரமாகுது."